படைத் துப்பாக்கி வேட்டைத் துப்பாக்கியான வரலாறு

தொண்டைமானின் படைக்கலக் கொட்டிலைப் பற்றி ஔவையார் பாடிய புறப்பாட்டை அறியாத தமிழ் மாணாக்கர் இலர். போர்க்களம் காணாத படைக்கலம் காவல்மிக்க கொட்டிலில் அழகுற வீற்றிருக்கும். போரிற் பயின்றதோ பழுதுபார்க்கும் கொல்லனிடம் சென்று சேரும் என்னும் அக்கருத்து ஈராயிரம் ஆண்டுகள் கழிந்த பின்னும் பொய்க்கவில்லை. ஆயின், அக்காலத்தார் கண்டிராத மூன்றாவது நிலையொன்று கடந்த நூற்றைம்பது ஆண்டுகளிற் படைக்கலங்களுக்கு வாய்த்தது. இலட்சக்கணக்கிற் செய்யப்பட்ட படைத் துப்பாக்கிகள் போர் முடிந்த பின்னர்க் கம்மியர் கையிலே குழலும் அறையும் மாற்றப்பெற்று, வேறு தோட்டாவை ஏற்கும் வேட்டைத் துப்பாக்கிகளாகி, உழவர் வீட்டுச் சுவரிலும் வேட்டைக்காரர் தோளிலும் இடம்பெற்றன. வரலாற்று நூலார் இதனைக் கைவினைஞர் சிலரின் பொழுதுபோக்கென்று கருதிப் பெரும்பாலும் விட்டுவிடுவர். உற்று நோக்குமிடத்து, எத்தோட்டா எவர் கைக்குச் செல்லலாம் என்று அரசுகள் வகுத்த விதிகளே இம்மாற்றத்தைப் பலவிடத்தும் நடத்தின என்பது புலனாகும். ஆள்வோர் ஆளப்படுவோரிடத்துக் கொண்டிருந்த அச்சத்தை அங்குலத்தின் ஆயிரத்திலொரு பங்குவரை அளந்து காட்டும் சான்றுகள் இத்துப்பாக்கிகள்.

அமைப்பை ஒருவாறு விளங்கிக்கொள்ளுதல் முதற்கண் வேண்டப்படும். (துப்பாக்கி என்னும் சொல்லும், யாழ்ப்பாணத்தார் வழங்கும் துவக்கு என்னும் சொல்லும் துருக்கிச் சொல்லொன்றின் வழிவந்தன என்பர்.) கதவின் தாழ்ப்பாள் போல முன்னும் பின்னும் ஓடி, இறுதியில் திரும்பிப் பூட்டிக்கொள்ளும் உருக்குத் தண்டு ஒன்று துப்பாக்கியின் பின்புறத்தை அடைக்கின்றது. அதுவே தாழ், அத்தகைய துப்பாக்கி தாழ்முறைத் துப்பாக்கி. குழலின் பின்முனையிலே தோட்டாவின் வடிவாகக் குடையப்பட்ட பகுதி அறை எனப்படும். பித்தளைக் கோதும், அதனுள் மருந்தும், வாயிற் குண்டுமாகிய தோட்டா அவ்வறையிற் கிடந்து வெடிக்கும்பொழுது, ஒரு சதுர அங்குலத்தின்மீது 40,000 இறாத்தலுக்கு மேற்பட்ட அழுத்தம் எழும். கோது விரிந்து அறையின் சுவரோடு ஒட்டி வாயுவை அடைத்துக்கொள்ளும். அறையின் அளவும் தோட்டாவின் அளவும் ஒத்திராவிடின், அல்லது தாழின் முகத்துக்கும் தோட்டா தங்குமிடத்துக்கும் இடையே வெளி மிகுந்துவிடின், கோது கிழிந்து கொதிக்கும் வாயு சுடுவோன் முகத்தை நோக்கிப் பாயும். ஆதலாற் தோட்டாவை மாற்ற விரும்புவோன் குழலின் துளை, அறை, தாழின் முகம், தோட்டாப் பெட்டி ஆகிய நான்கையும் எண்ணிப் பார்க்கவேண்டியவனாகின்றான். ஒரே கோதின் கழுத்தை ஒடுக்கியோ விரித்தோ புதுத் தோட்டா ஆக்கப்படுமாயின் தாழையும் பெட்டியையும் தொடவேண்டியதில்லை. குழலை மாற்றினாற் போதும். இவ்வசதியே பின்னர்த் தோன்றிய நூற்றுக்கணக்கான புதுத் தோட்டாக்களுக்குத் தாயாயிற்று.

மாற்றும் வேலையை முதலிற் செய்தவை அரசுகளே. பிரசியா 1841 இல் ஏற்றுக்கொண்ட திறைசே என்பாரின் ஊசித் துப்பாக்கியே படையிற் பெருவாரியாக வழங்கிய முதலாவது தாழ்முறைத் துப்பாக்கி. 1866 இல் ஒசுத்திரியரைப் பிரசியர் வென்றதற்கு அதுவும் ஒரு காரணம் என்று கண்ட பிரான்சு, அவ்வாண்டிலேயே சசபோ துப்பாக்கியை ஏற்றது. சசபோவின் தோட்டா கடதாசியாலானது. உலோகக் கோதுடைய தோட்டா வந்ததும், 1874 இல் ஏற்கப்பட்ட கிறா துப்பாக்கியின் தோட்டாவுக்கு இசையப் பழைய சசபோக்கள் பெருந்தொகையாக மாற்றியமைக்கப்பட்டன. சிக்கனமே இதன் நோக்கம். பத்தாண்டு செல்லுமுன் அச்சிக்கனமும் வீணாயிற்று. போல் வியேய் என்பார் 1884 இற் புகையில்லா மருந்தைக் கண்டார். 1886 இல் இலபெல் துப்பாக்கி பிறந்தது. கிறாவின் 11 மில்லிமீற்றர்க் கோதையே ஒடுக்கி 8 மில்லிமீற்றர்க் குண்டுக்கு ஏற்றதாக்கினர். ஐரோப்பாவின் படைக்கொட்டில்களில் அன்றிருந்த கருமருந்துத் துப்பாக்கிகள் யாவும் ஒரே நாளிற் பழையனவாயின. அவை சந்தைக்கு வந்தன.

ஓபண்டோர்வ் என்னும் சிற்றூரில் 1838 இற் பிறந்த பவுல் மவுசர் இக்காலத்தின் தலைசிறந்த கம்மியர். அவர் அமைத்த 1898 ஆம் ஆண்டுத் தாழ், இன்றளவும் வேட்டைத் துப்பாக்கி செய்வோர் பின்பற்றும் மாதிரியாக நின்று நிலவுகின்றது. முன்னே இரண்டு பூட்டுக் காதுகளும், அவை முறியினும் காக்கும்பொருட்டுப் பின்னே மூன்றாவது காதும், கோது கிழியின் வாயுவைப் பக்கத்தே போக்கும் துளைகளும் அதில் உண்டு. போருக்கெனச் செய்தானாயினும் சுடுவோனின் கண்ணையும் உயிரையும் எண்ணிச் செய்தான் என்று அத்தாழைப் பார்ப்போர்க்குத் தோன்றும்.

பிரித்தானியரின் படைத் துப்பாக்கி வேறொருவர் கைவண்ணம். கொத்லாந்தின் ஓயிக் நகரிற் பிறந்து கனடாவிலும் அமெரிக்காவிலும் வாழ்ந்த சேம்சு பரிசு லீ என்பாரின் தாழும் பெட்டியும், 1888 இல் .303 அங்குலத் தோட்டாவோடு இணைக்கப்பெற்று இலீ-மெற்போட்டு ஆயின. கோடைற்று மருந்தின் வெப்பம் மெற்போட்டின் ஆழமற்ற மரையை விரைவில் தேய்த்தமையால், 1895 இல் என்பீல்டு மரை வெட்டப்பட்டு இலீ-என்பீல்டு ஆயிற்று. பேரரசின் ஒவ்வொரு மூலைக்கும் இத்துப்பாக்கி சென்றது. சென்றவிடமெல்லாம் ஒரு வினாவும் உடன் சென்றது: அரசின் தோட்டா குடிமகன் கைக்குக் கிட்டலாமா?

இந்தியாவில் இவ்வினாவின் வேர் 1857 இல் உள்ளது. கிளர்ச்சி அடங்கியபின் இந்தியச் சிப்பாய்களுக்கென 1858, 1859 ஆம் ஆண்டு மாதிரிகளாக வந்த துப்பாக்கிகளைப் பார்த்தால், தோற்றத்தில் அவை என்பீல்டு றைபிளே. குழலினுள்ளே மாத்திரம் மரை இல்லை. .577 அங்குலமாயிருந்த துளை .656 அங்குலமாக அகற்றப்பட்டு மழுக்கப்பட்டது. மரையில்லாக் குழலிலிருந்து செல்லும் குண்டு நூறு யார் கடந்தால் நெறி தப்பும். வெளியிலிருந்து பார்ப்போர்க்கு வெள்ளைச் சிப்பாயின் துப்பாக்கிக்கும் கறுத்த சிப்பாயின் துப்பாக்கிக்கும் வேற்றுமை தோன்றாது; வேற்றுமை குழலின் உள்ளே ஒளித்து வைக்கப்பட்டிருந்தது. ஒரு பேரரசின் நம்பிக்கையின்மை இத்துணை நுட்பமாக இரும்பிற் பொறிக்கப்பட்ட வேறோர் எடுத்துக்காட்டைக் காண்டல் அரிது.

அடுத்து 1878 ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் வந்தது. இலிட்டன் பிரபு இராசப்பிரதிநிதியாயிருந்த காலத்தில் இயற்றப்பட்ட அச்சட்டத்தின்படி, இந்தியர் அனுமதிப்பத்திரமின்றி ஆயுதம் வைத்திருத்தல் குற்றம்; ஐரோப்பியர்க்கு விலக்கு உண்டு. குடகு நாட்டாரைப் போன்ற சிலரே இந்தியருள் விலக்குப் பெற்றனர். 1887 இற் சென்னையிற் கூடிய மூன்றாவது காங்கிரசு மகாசபை இச்சட்டத்தைத் திருத்துமாறு தீர்மானம் நிறைவேற்றிற்று. அக்காலக் காங்கிரசு எத்துணை அடக்கமான கோரிக்கைகளை விடுத்தது என்பதை அறிந்தோர், அடக்கமுடையாரையும் இச்சட்டம் எவ்வளவு புண்படுத்தியிருத்தல் வேண்டும் என்பதை உணர்வர்.

அனுமதிப்பத்திரத்தோடு அச்சம் அடங்கவில்லை. பத்திரம் பெற்றவர் கையிலுள்ள துப்பாக்கி, படையிலிருந்து திருடப்பட்ட தோட்டாவைச் சுடக்கூடியதாயிருத்தல் ஆகாது என்னும் விதியும் எழுந்தது. மாட்டினி-ஹென்றி துப்பாக்கியின் .450 அங்குலக் குண்டுகள் வடமேற்கெல்லைக் குடிகளிடமும் சூடானியரிடமும் பெருகியிருந்தமையால், .450 துளையுடைய துப்பாக்கிகள் இந்தியாவுக்கும் சூடானுக்கும் செல்லுதல் 20 ஆம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் தடுக்கப்பட்டது. இலண்டன் மாநகரின் துப்பாக்கி வணிகர் சோர்ந்துவிடவில்லை. 1907 ஐ ஒட்டி .465, .470, .475 எனப் புதுத் தோட்டாக்கள் ஒன்றன்பின் ஒன்றாய்ப் பிறந்தன. யானையை வீழ்த்தும் வலிமையில் இவற்றுக்கும் தடுக்கப்பட்ட .450 க்கும் சொல்லத்தக்க வேற்றுமை இல்லை. வேட்டைக்காரர்க்கு அவை தேவைப்பட்டதனாற் பிறந்தனவல்ல. ஓர் அலுவலகத்தின் ஆணையைச் சுற்றிச் செல்வதற்காகப் பிறந்தன. அவற்றுள் .470 இன்றும் ஆபிரிக்காவில் வழங்குகின்றது.

.303 இன் கதையும் இத்தகையதே. படையின் தோட்டா தனியார்க்கு மறுக்கப்பட்டமையால், இலீயின் தாழை விரும்பிய இந்திய வேட்டைக்காரர்க்காக அதே துப்பாக்கி .315 அங்குலத் தோட்டாவுக்கு அமைத்துக் கொடுக்கப்பட்டது. இத்தோட்டா ஒசுத்திரிய-அங்கேரியப் படையின் 8 மில்லிமீற்றர் மன்லிகர்த் தோட்டாவை ஒட்டியது. தெரிவின் நுட்பம் கருதத்தக்கது. மன்லிகர்க் கோதின் விளிம்பு .303 இன் விளிம்பைப் பருமனிற் பெரிதும் ஒத்திருந்தமையால், தாழும் பெட்டியும் சிறிய திருத்தத்தோடு அதனை ஏற்றுக்கொண்டன. கோதின் நீளமோ 50 மில்லிமீற்றர்; .303 இன் கோது 56 மில்லிமீற்றர். ஆகவே குறுகிய அவ்வறையுள் படைத் தோட்டா முழுவதும் புகாது, தாழ் பூட்டாது. ஆறு மில்லிமீற்றரில் அரசின் கவலை தீர்ந்தது. ஒரு பேரரசின் படைத் தோட்டா இன்னொரு பேரரசின் குடிகளுக்கு வேட்டைத் தோட்டாவான புதுமையும் நிகழ்ந்தது.

கல்கத்தாவுக்கு வடக்கே ஊக்ளி நதிக்கரையில் உள்ள இச்சாப்பூரிலே 18 ஆம் நூற்றாண்டின் இறுதி தொட்டு வெடிமருந்துச் சாலை இருந்தது. 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே துப்பாக்கித் தொழிற்சாலை எழுந்தது. படைக்கு .303 செய்த அத்தொழிற்சாலையே சிறைக் காவலர்க்கும் பொலிசாருக்கும் வேறொரு பொருளைச் செய்து கொடுத்தது. .303 றைபிளின் குழலை .410 அங்குலமாக மரையின்றி அகற்றி, கழுத்து ஒடுக்காத .303 கோதையே தோட்டாவாக்கி, ஒரு முறைக்கு ஒன்றாகவே சுடுமாறு அமைத்தனர். 1858 இன் மழுக்கிய குழல் மறுபிறப்பு எடுத்ததெனலாம். நாடு சுதந்திரமடைந்த பின்பும் விதி மாறிற்றில்லை. 1959 ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தின்கீழ் 1962 இல் வந்த விதிகள், .303 தோட்டாவையும் 7.62 மில்லிமீற்றர்ப் படைத் தோட்டாவையும் சுடவல்ல துப்பாக்கிகளைத் தடுக்கப்பட்ட வகையிற் சேர்த்தன; .315 வேட்டைத் துப்பாக்கி இச்சாப்பூரிலிருந்து தொடர்ந்து வெளிவந்தது. ஆண்டவர் போயினர், அவர்கள் அளந்த அறை அவ்வாறே நின்றது.

இங்கே மவுசரின் 7 மில்லிமீற்றர்த் தோட்டாவைப் பற்றியும் சிறிது கூறல் பொருந்தும். 1890 ஆம் ஆண்டுகளின் முற்பகுதியில் ஸ்பெயின் நாட்டுப் படைக்கென ஏற்பட்ட இத்தோட்டாவையும், அதற்குரிய துப்பாக்கியில் ஏறக்குறைய 37,000 ஐயும் திரான்சுவால் குடியரசு வாங்கிற்று. 1899 இல் மூண்ட போரிலே போயர் உழவர் அவற்றாற் பிரித்தானியப் படையை அடைந்த இழப்புக்கு நாணச் செய்தனர். வேட்டையிற் பழகிய கண்ணும் கையும் படைத் துப்பாக்கியோடு சேர்ந்தபொழுது விளைந்தது அது. பிடிபட்ட போயருள் ஏறத்தாழ 5,000 பேர் 1900 முதல் இலங்கைக்குக் கொணரப்பட்டுத் தியத்தலாவையிற் சிறை வைக்கப்பட்டனர். போர் முடிந்தபின் மன்னருக்கு விசுவாசப் பிரமாணம் செய்ய மறுத்து ஊர் திரும்பாதிருந்த எங்கெல்பிரெக்டு என்னும் போயர் பின்னர் யாலைக் காட்டின் முதற் காவலராயினார். மவுசர் பிடித்த கை விலங்கைக் காக்கும் கையானமை வரலாற்றின் விந்தைகளுள் ஒன்று.

பகைவரின் தோட்டாவைப் பிரித்தானிய வேட்டைக்காரர் விரைவில் தமதாக்கிக்கொண்டனர். இலண்டன் றிக்பி நிறுவனத்தார் மவுசரின் தாழை வாங்கி, 7 மில்லிமீற்றர் என்னும் அயற்பெயரை நீக்கி .275 றிக்பி என்று பெயரிட்டு விற்றனர். சம்பாவத்து ஆட்கொல்லிப் புலியை 1907 இல் வீழ்த்திய சிம் கோபெற்றுக்கு ஐக்கிய மாகாணத்தின் துணை ஆளுநர் யோன் இயூவெற்று பரிசளித்தது இவ்வகைத் துப்பாக்கியே. அப்புலி 436 பேரைக் கொன்றதாகக் கணக்கு. ஆபிரிக்காவில் பெல் என்னும் கொத்லாந்தர் ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைக் கொன்றார். அவற்றுட் பெரும்பாலானவற்றை இச்சிறு குண்டினாலேயே வீழ்த்தினார். முன்னையவர் செயலை ஊரார் உயிர் காத்த அறமென்று போற்றுவோரும், தந்தத்துக்காகச் செய்த பின்னையதை வீரமென்று எழுதத் தயங்குவர்.

ஜேர்மனியில் நிகழ்ந்தது இன்னும் வியப்புக்குரியது. முதலாம் உலகப் போரிற் தோற்ற அந்நாட்டை 1919 இன் வேர்சைல்சு உடன்படிக்கை கட்டுப்படுத்திற்று. படைத் தோட்டாவாகிய 8×57 வேட்டைக்கு வழங்குதற்கும் தடை நேர்ந்தது. நாடு முழுவதும் மவுசர்கள் நிறைந்திருந்தன. அவற்றுக்குரிய தோட்டா குற்றப்பொருளாயிற்று. கம்மியர் கண்ட வழி எளிது. 57 மில்லிமீற்றர்க் கோதை 60 மில்லிமீற்றராக நீட்டினர். பழைய அறையைத் துருவுகருவியால் மூன்று மில்லிமீற்றர் உள்நோக்கிக் குடைந்தாற் போதும்; குழலை மாற்றவேண்டியதில்லை, தாழைத் தொடவேண்டியதில்லை. குடைந்தபின் பழைய படைத் தோட்டா அவ்வறையிற் தாங்குமிடமின்றி ஆடும். சட்டம் நிறைவேறிற்று, உழவன் துப்பாக்கியும் அவன் வீட்டிலேயே இருந்தது. வென்ற நாடுகளின் அரசறிஞர் பல மாதம் கூடி வரைந்த ஆவணத்துக்கு ஊர்க் கம்மியன் அளித்த விடையின் நீளம் மூன்று மில்லிமீற்றர். வேறு சில மவுசர்களின் குழலை அகற்றிச் சிறு குண்டுகளைச் சிதறவிடும் துப்பாக்கிகளாகவும் விற்றனர். அவற்றிலே பெரிய கோதுக்கு இடம் விடுவதற்காக முன்பூட்டுக் காதுகளை வெட்டிவிட்டமையால், மவுசர் தம் வாழ்நாளெல்லாம் தேடிய காப்பு அழிந்தது.

ஜேர்மன் தோட்டாவில் வேறோர் இடரும் இருந்தது. 1888 ஆம் ஆண்டுத் தோட்டாவின் குண்டு .318 அங்குலம், 1905 இற் கூர்முனைக் குண்டு வந்தபொழுது அது.323 அங்குலமாயிற்று. கோது ஒன்றே, பெயரும் ஒன்றே, வேற்றுமை அங்குலத்தின் ஆயிரத்தில் ஐந்து. பழைய குறுகிய குழலிற் புதிய பருத்த குண்டைச் சுடுதல் ஆபத்தானது. படையினர் குழலைத் திருத்திய துப்பாக்கிகளில் S என்னும் ஆங்கில எழுத்தையொத்த குறியைப் பொறித்து வேறுபடுத்தினர். போர்களின் பின் கடல்கடந்து சென்ற துப்பாக்கிகளை வாங்கியவர்களுள் அக்குறியின் பொருளை அறிந்தவர் எத்தனை பேர்?

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் மாற்றத்தைத் தூண்டியது தடையன்று, மலிவு. பழைய கிராக் துப்பாக்கியை 1920 ஆம் ஆண்டுகளில் அரசாங்கம் சங்க உறுப்பினர்க்கு ஒன்றரை டொலருக்கு விற்றது. இசுப்பிறிங்பீல்டு 1903 துப்பாக்கியை வேட்டைக்கேற்பத் திருத்தச் செய்து தியடோர் றூஸ்வெல்ற் 1909 இல் ஆபிரிக்காவுக்குக் கொண்டு சென்றமை பலர்க்கு முன்மாதிரியாயிற்று. அதன் தோட்டா 1906 இல் வகுக்கப்பட்ட .30-06. அக்கோதின் கழுத்தை விரித்து 1922 இற் சேம்சு ஹவ் என்பார் .35 உவீலன் தோட்டாவை ஆக்கினார். முன்னரே நீட்னர் அதனை ஒடுக்கி.25 ஆக்கியிருந்தார். மவுசரின் 7 மில்லிமீற்றர்க் கோதை ஒடுக்கி நெட் றொபேட்சு ஆக்கிய தோட்டாவை 1934 இல் றெமிங்டன் நிறுவனம் .257 றொபேட்சு எனச் சந்தைப்படுத்திற்று. தொழிற்சாலையின் அங்கீகாரம் பெறுமுன் கம்மியர் பட்டடையில் உலவிய இத்தோட்டாக்களை அமெரிக்கர் காட்டுப்பூனைகள் என்று அழைத்தனர், பொருத்தமான பெயரே.

இசுப்பிறிங்பீல்டில் ஒரு குறை ஒளிந்திருந்தது. தாழ் ஓடும் உருக்குக் கூட்டைக் காய்ச்சிப் பதப்படுத்திய வினைஞர் வெப்பத்தைக் கண்ணாலேயே மதித்தனர். 1917 இற் கூடுகள் சில வெடித்துச் சிதறியபின் வெப்பமானி கொண்டு சோதித்தபொழுது உண்மை வெளிப்பட்டது. வெயில் எறிக்கும் நாளிலே காய்ந்த உருக்கின் செம்மை மங்கித் தோன்றும். ஆகவே வினைஞர் மேலும் காய்ச்சுவர். மப்பு மூடிய நாளுக்கும் வெயில் நாளுக்கும் இடையே 300 பாகை பரனைற்று வரையில் வேறுபாடு இருந்தது. மிகக் காய்ந்த உருக்கு நொறுங்கும் இயல்பினதாயிற்று. இசுப்பிறிங்பீல்டுச் சாலையில் 800,000 க்கும், இறொக் தீவுச் சாலையில் 285,507 க்கும் குறைந்த இலக்கமுடைய கூடுகள் ஐயத்துக்குரியவை என்று ஒதுக்கப்பட்டன. 1929 வரையில் வெடித்த 68 கூடுகளின் விபரத்தைத் தளபதி யூலியன் ஹச்சர் பட்டியலிட்டுள்ளார். இறந்தார் ஒருவருமிலர், கண்ணிழந்தார் மூவர். பத்து இலட்சத்தில் இது சிறு தொகையே. ஆயினும் எந்தக் கூடு வெயில் நாளிற் பிறந்தது என்று பார்த்தறிய வழியில்லை. ஒதுக்கப்பட்டவை பல தனியார் கைக்குச் சென்று, முன்னிலும் வலிய தோட்டாக்களுக்கு மாற்றப்பெற்றன.

முதலாம் போரின்போது அமெரிக்காவிற் செய்யப்பட்ட 1917 ஆம் ஆண்டு என்பீல்டு இருபது இலட்சத்துக்கு மேற்பட்டது. அதன் கூடு நீண்டது, வலியது; .375 ஹொலண்டு போன்ற பெருந் தோட்டாக்களுக்கு வேறெந்தப் படைத் துப்பாக்கியும் அத்துணை இசையவில்லை. கம்மியர் அதன் காட்சிக்குறியின் இருபுறமும் நின்ற காதுகளை அரைத்து நீக்கிப் பயன்படுத்தினர். எடிசுடோன் சாலையில் வந்தவற்றிலே குழல் அளவுக்கு மிஞ்சி இறுக்கப்பட்டிருந்தமையால், சுழற்றும்பொழுது கூடு வெடிப்பதுண்டு. அனுபவம் வாய்ந்தோர் குழலின் தோளிலே ஒரு வளையம் வெட்டி இறுக்கத்தைத் தளர்த்தியபின்னரே கை வைப்பர். அனுபவமில்லாரின் செயலுக்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. யப்பானிய அரிசாக்கா துப்பாக்கியின் குழல் 6.5 மில்லிமீற்றர். அதன் அறையை மாத்திரம் .30-06 க்குக் குடைந்து, குழலை மாற்றாது விட்டுவிட்டார் ஒருவர். 7.62 மில்லிமீற்றர்க் குண்டு 6.5 மில்லிமீற்றர்த் துளையால் நெரிந்து சென்றது. அத்துப்பாக்கியால் மான் வேட்டையும் ஆடிய அவர், அது தோளைச் சற்று மிகுதியாக உதைக்கின்றது என்றே முறையிட்டாராம். அரிசாக்காவின் தாழ் எத்துணை வலியது என்பதைப் போ அக்லி என்னும் கம்மியர் துப்பாக்கிகளை வேண்டுமென்றே வெடிக்கச் செய்து நிறுவியிருந்தார். அவ்வலிமை இல்லாதிருந்தால் அந்த மான் வேட்டைக்காரர் முறையிட இருந்திரார்.

மலிவுக்கும் ஒரு முடிவு வந்தது. 1963 நவெம்பர் 22 ஆம் நாள் சனாதிபதி கென்னடியைக் கொன்ற துப்பாக்கி, தபால் வழியாக 21.45 டொலருக்கு வாங்கப்பட்ட இத்தாலிய இராணுவக் கார்க்கானோ. 1968 ஆம் ஆண்டுச் சட்டம் தபால்வழி விற்பனையையும், அயல்நாட்டுப் பழம் படைத் துப்பாக்கிகளின் இறக்குமதியையும் நிறுத்திற்று.

அவுஸ்திரேலியாவில் தடையே மீண்டும் தொழிற்பட்டது. நியூ சவுத் வேல்சிற் படைத் தோட்டா தனியார்க்கு மறுக்கப்பட்டமையால், .303 கோதின் கழுத்தை ஒடுக்கி .25 அங்குலக் குண்டைப் பொருத்தினர். .303/25 எனப்பட்ட அத்தோட்டாவோடு கங்காரு வேட்டையாடிய தலைமுறையொன்று அங்கே வாழ்ந்தது. பிரான்சிலும் 1939 ஆம் ஆண்டின் ஆணையொன்று படைத் தோட்டாக்களைப் போர்க்கலமாக வகுத்து, எழுபது ஆண்டுக்கு மேல் வேட்டைக்காரரை வேறு தோட்டாக்களின்பாற் செலுத்திற்று.

இரண்டாம் உலகப் போருக்குப் பின், தொடங்கிய இடத்துக்கே கதை திரும்பிற்று. அரசுகள் மீண்டும் கம்மியராயின. ஜேர்மனியர் விட்டுச் சென்ற மவுசர்களை நோர்வே தன் படைக்காக .30-06 க்கு மாற்றிற்று. அத்தோட்டா ஆறு மில்லிமீற்றர் நீண்டதாகையால் கூட்டின் வளையத்திலே ஒரு பள்ளம் வெட்டவேண்டியதாயிற்று. 1948 இற் செக்கொசுலோவாக்கியாவிலிருந்து மவுசர்களை வாங்கிய இஸ்ரேல் பின்னர் அவற்றை 7.62 மில்லிமீற்றர்த் தோட்டாவுக்கு மாற்றிற்று. யூதரை அழிக்க முற்பட்ட அரசின் கழுகுக் குறி ஒரு பக்கமும், யூத நாட்டின் குறி மறுபக்கமும் ஒரே கூட்டிற் பொறித்துக் கிடக்கக் காணலாம். இச்சாப்பூரிலோ 1962 ஆம் ஆண்டுச் சீனப் போரின் பின்னர், இலீயின் பழைய தாழே வலிய உருக்கினாற் செய்யப்பட்டு 7.62 மில்லிமீற்றர்த் தோட்டாவைப் பெற்றது. பத்துத் தோட்டாப் பெட்டி பன்னிரண்டாயிற்று. மழுக்கிய குழல் செய்த சாலை, முன்னையதினும் வலிய குழலைத் தன் படைக்குச் செய்தது.

இம்மாற்றங்களால் அழிந்த சான்றுகளும் பல. சரணடைந்த யப்பானியத் துப்பாக்கிகளிற் பொறித்திருந்த செவ்வந்திப் பூ முத்திரை அரத்தால் அழிக்கப்பட்டது. படைப்பிரிவின் இலக்கம், செய்த சாலையின் குறி, பழுதுபார்த்த ஆண்டு என்பனவெல்லாம் வேட்டைத் துப்பாக்கியை மெருகூட்டியோர் கையில் மறைந்தன. எந்தத் துப்பாக்கி எந்தப் போர்க்களத்தில் இருந்தது என்று ஆராய்வோர் இன்று திண்டாடுகின்றனர். ஒன்றரை டொலருக்கு வாங்கி அறுத்த கிராக்கிலும், அறுக்காதுவிட்ட கிராக்கின் விலை இன்று பன்மடங்கு மிகுதி. அறுத்தவற்றைப் பழைய நிலைக்கு மீட்கும் கம்மியரும் தோன்றியுள்ளனர். மரக்கட்டையைப் புதிதாகச் செதுக்கிப் பொருத்தலாகும், குறுக்கிய குழலுக்கு மாற்றாக அக்காலக் குழலொன்றைத் தேடுதல் வேண்டும், அவையோ அருகிவிட்டன.